மின்கம்பமும் தொலைக்காட்சி வடமும்

விழா மலருக்கு ஒரு கட்டுரை வரைந்து தருமாறு பழைய மாணவர் சங்கத்தார் எம்மைக் கேட்டபோது, தமிழாசிரியர் சங்க இலக்கியத்திலோ சைவ சித்தாந்தத்திலோ நாவலர் பெருமானின் வசன நடையிலோ ஒரு பொருளை எடுத்துக்கொள்வார் என்றே அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். அவ்வெண்ணம் தவறன்று. ஆயினும், கல்லூரியின் புறத்தே செல்லும் ஒழுங்கையில் நிற்கும் ஒரு மின்கம்பத்தைப் பற்றியும், அதிலே தொங்கும் வடங்களைப் பற்றியும் எழுதத் துணிந்தோம். இலக்கியம் கற்பிப்பவனுக்கு இங்கே என்ன வேலை என்று வினவுவார்க்கு, அக்கம்பத்தின் கீழே வீழ்ந்தவன் எமது வகுப்பு மாணவன் என்பதே விடையாகும்.

இரண்டு மாரிக்கு முன் நிகழ்ந்தது இது. கார்த்திகை மாதத்து மழை இரவு முழுவதும் பொழிந்து விடிந்த காலையில், ஒன்பதாந் தரத்து மாணவன் ஒருவன் சைக்கிளில் வந்துகொண்டிருந்தான். நிலம் ஊறிக் கம்பம் ஒருபுறம் சாய்ந்துவிட, அதிலிருந்த கறுப்பு வடமொன்று ஒழுங்கைக்குக் குறுக்கே கழுத்தளவிற்குத் தாழ்ந்திருந்தது. மழைக்குக் குனிந்த தலையோடு வந்த பிள்ளை அதனைக் காணவில்லை. கழுத்திலே சிவந்த தழும்பும் முழங்கையிலே காயமும் ஏற்பட்டன. புத்தகப்பை வெள்ளத்தில் நனைந்தது. அவ்வளவோடு போயிற்று என்று அவனுடைய தாயார் கோயிலுக்கு நேர்ந்துகொண்டார். நாம் அலுவலகங்களுக்கு நடந்தோம்.

முதலிற் சென்ற இடத்தில், “கம்பம் எங்களுடையது; வடம் எங்களுடையதன்று” என்றனர். இரண்டாவதாகச் சென்ற இடத்தில், “ஒழுங்கை எங்களுடையது, கம்பமும் வடமும் எங்களுடையனவல்ல” என்றனர். மூன்றாவதாக வடத்துக்குரியவரிடஞ் சென்றோம். “வடம் எங்களுடையதுதான், சேர், ஆனால் அது தானாகத் தாழவில்லையே, கம்பம் சாய்ந்தபடியாற்றான் தாழ்ந்தது, கம்பத்தை நிமிர்த்தச் சொல்லுங்கள்” என்று மிக்க மரியாதையோடு விடைபகர்ந்தனர். மூவர் கூறியதும் உண்மையே. மூன்று உண்மைகளைக் கூட்டினாலும் வடம் ஒரு சாண்கூட உயரவில்லை. அன்று மாலை மாணவர் இருவரின் துணையோடு, ஒழுங்கையோரத்துப் பூவரசில் அதனைத் தும்புக் கயிற்றாற் கட்டிவிட்டு வந்தோம். அவ்வாறு கட்டியதும் சட்டப்படி குற்றமாகலாம் எனப் பின்னர் ஒரு சட்டத்தரணி நண்பர் கூறினார்.

அன்றுதொட்டு எம் உள்ளத்தே எழுந்த வினா இது: மின்சாரத்துக்கென நாட்டிய கம்பத்திலே தொலைக்காட்சிக்கு என்ன உரிமை? கம்பத்துக்குரிய பொதுமன்றமே தொலைக்காட்சியையும் வழங்கப் புகுந்தால் அதனை யார் கட்டுப்படுத்துவது? இவ்வினா யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரியதன்று என்பதைப் படிக்கப் படிக்க உணர்ந்தோம்.

சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை கூறாது அப்பாற் செல்லத் தமிழாசிரியனுக்கு மனம் வராது. ‘கேபிள்’ என்பதற்கு எமது பாடநூல்கள் ‘வடம்’ என்ற சொல்லை ஆள்கின்றன. நன்று. யாழ்ப்பாணத்தார்க்கு வடம் என்றவுடன் நினைவில் எழுவது தேர்வடமே. அதனை ஊரார் அனைவரும் கூடிப் பிடிப்பர். திருவிழா முடிந்ததும் சுருட்டித் தேர்முட்டியில் வைப்பதற்கும் இன்னார் என்று முறை உண்டு. தொலைக்காட்சி வடத்துக்கோ, பிடிப்பார் பலர் உளர்; சுருட்டி வைப்பார் இலர்.

நிற்க, கம்பத்தின் அமைப்பை முதலில் நோக்குவோம். ஒழுங்கைகளிற் காணும் தாழ்வோல்ற்று மின்கம்பத்தின் உச்சியில் மின் கடத்திகள் செல்கின்றன. அவற்றுள் இரண்டு கட்டங்களுக்கிடையே ஏறத்தாழ 400 வோல்ற்றும், ஒரு கட்டத்துக்கும் நடுநிலைக் கம்பிக்கும் இடையே 230 வோல்ற்றும் உண்டு. அவற்றின் கீழே ஓரிடைவெளி விடப்படும். அதற்கும் கீழேதான் தொலைபேசி, தொலைக்காட்சி ஆகியவற்றின் வடங்கள் கட்டப்படல் வேண்டும். ஐக்கிய அமெரிக்க நாடுகளின் பாதுகாப்பு விதிக்கோவை கம்பத்தில் அவ்விடைவெளி 40 அங்குலம் இருத்தல் வேண்டும் எனப் பொதுவிதி செய்துள்ளது. மின் கடத்தியைத் தொடும் பயிற்சியில்லாத ஒரு தொழிலாளி கீழ்வடத்திலே வேலைசெய்யும்போது அவனுடைய தலையும் கையும் மேற்கடத்தியை அணுகாதிருத்தற்காகவே அந்த அளவு வகுக்கப்பட்டது. எனவே அது வெற்றிடமன்று. ஓர் உயிருக்குரிய இடம்.

பழைய தொலைக்காட்சி வடம் ஓரச்சு வடமாகும். நடுவிலே ஒரு செப்புக் கம்பி, அதனைச் சூழ ஒரு காவலி, அதற்கு வெளியே உலோக வலை, யாவற்றையும் மூடிய கறுப்புறை. சைகை தூரம் செல்லச் செல்ல நலியும் ஆதலால் இடைக்கிடையே பெருக்கிகள் வைக்கப்படும். அப்பெருக்கிகளும் மின்சாரம் உண்பவையே. கம்பத்திலே தொங்கும் சிறு உலோகப்பெட்டிகளை மாணவர் கண்டிருப்பர். காற்றிலே மேற்கடத்தி அறுந்து இவ்வடத்தின்மேல் வீழ்ந்து, உறையும் கிழிந்திருக்குமாயின், உலோக வலை வழியாக அம்மின்சாரம் வீட்டு மண்டபத்துத் தொலைக்காட்சிப் பெட்டிவரை வந்து சேரும். பெட்டியைத் தொட்ட கிழவிக்கு அது மின்சாரசபையின் கம்பியா, கேபிள்காரரின் கம்பியா என்ற பேதம் தெரியாது. இக்காலத்து ஒளியிழை வடத்தினூடு செல்வது ஒளியே. கண்ணாடி இழை மின்னைக் கடத்தாது. ஆயினும் அதைத் தாங்கும் உருக்குக் கம்பி கடத்தும். அறுந்து தொங்கினால் கழுத்தைப் பிடிப்பதில் இரண்டும் ஒன்றே.

கம்பத்துக்கும் தொலைக்காட்சி வடத்துக்கும் உள்ள உறவு அவ்வடம் பிறந்த நாளிலேயே தொடங்கியது. பென்சில்வேனியா மாநிலத்து மகனோய் சிற்றி என்னும் மலைநகரிலே 1948ஆம் ஆண்டு ஜோன் வால்சன் என்பவர் தொலைக்காட்சிப் பெட்டிகளை விற்கக் கடை வைத்திருந்தார். அவர் அப்பகுதி மின்சாரக் கம்பனியின் ஊழியருமாவார். நகரைச் சூழ்ந்த மலைகள் பிலடெல்பியாவிலிருந்து வரும் அலைகளை மறித்தமையாற் பெட்டிகள் விலைபோகவில்லை. மலையுச்சியிலே ஓர் அன்ரெனாவை நாட்டி அங்கிருந்து தமது கடைக்குக் கம்பி இழுத்தார். வழியிலிருந்த வீட்டார்க்கும் இணைப்புக் கொடுத்தார். அவரே முதல்வர் என்பதிற் கருத்து வேறுபாடு உண்டெனினும், வடத் தொலைக்காட்சி இவ்வாறே மலையடிவாரத்துச் சிற்றூர்களிற் பிறந்தது என்பதில் ஐயமில்லை.

இதனைப் படித்தபோது நமக்கு 1980களின் யாழ்ப்பாணம் நினைவில் எழுந்தது. இலங்கையிலே சுயாதீனத் தொலைக்காட்சி 1979ஆம் ஆண்டு ஏப்பிரலிலும் ரூபவாஹினி 1982ஆம் ஆண்டு பெப்ரவரியிலும் தொடங்கின. ஆயினும் குடாநாட்டுக் கூரைகளின் மேலே நின்ற அன்ரெனாக்களுட் பல தெற்கு நோக்கவில்லை. கடலுக்கப்பாலுள்ள தூரதர்ஷனையே நோக்கின. கமுகமரத்திலும் நீர்க்குழாயிலும் உயர்த்தி, ஒருவர் கூரையிலிருந்து திருப்ப, மற்றொருவர் முற்றத்தில் நின்று, “இப்ப தெரியுது, விடு, விடு” என்று கத்திய காட்சியைப் பழைய மாணவர் பலர் மறந்திருக்கமாட்டார். பின்னர் 1990ஆம் ஆண்டளவில் தேசிய மின்வலையிலிருந்து குடாநாடு துண்டிக்கப்பட்டது. எமது பிள்ளைப்பருவம் அக்காலத்தது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைச் சுற்றி, டைனமோவிலிருந்து வந்த மின்னால் றேடியோச் செய்தி கேட்ட தலைமுறை நாம். கம்பங்கள் நின்றன, கம்பிகளுள் எதுவும் ஓடவில்லை. ஆதலின், கம்பத்திலே என்ன ஓடுகின்றது, அதனை யார் நிறுத்தவும் விடவும் வல்லர் என்ற வினாவை நாம் சிறுவயதிலேயே கற்றோம் என்று கூறினும் தகும்.

இனி, நகர மின்சார மன்றமே தொலைக்காட்சி வழங்கிய வரலாற்றைக் கூறுவோம். கென்ரக்கி மாநிலத்துக் கிளாஸ்கோ என்பது ஒரு சிறு நகரம். அந்நகரின் மின்சாரசபை ரெனிசி பள்ளத்தாக்கு அதிகாரசபையிடம் மொத்தமாக மின்சாரம் வாங்கி வீடுகளுக்கு விநியோகித்து வந்தது. மொத்த விலை, மின்தேவை உச்சத்தை எட்டும் நேரத்தைப் பொறுத்து ஏறும். ஆகவே உச்சநேரத்தில் வீடுகளின் வெந்நீர்க் கலங்களைச் சிறிதுநேரம் நிறுத்தி வைக்கச் சைகை அனுப்ப வேண்டி, நகரெங்கும் ஒரு வடவலையை 1980களின் இறுதியில் அமைத்தது. சைகைக்கு அவ்வடத்தின் ஒரு சிறு பகுதியே போதும். எஞ்சிய பகுதியில் தொலைக்காட்சியை ஓடவிட்டால் என்ன என்று கருதி அதனையும் வழங்கத் தொடங்கியது. அதுவரை அந்நகரிலே தனியாட்சி செலுத்திய தனியார் கம்பனி உடனே தன் கட்டணத்தைக் கணிசமாகக் குறைத்தது. ஊரார்க்கு இரட்டை இலாபம், கம்பனிக்குப் பெருஞ்சினம்.

அக்கம்பனியின் சினத்திலும் ஒரு நியாயம் உண்டு என்பதை மாணவர் கவனித்தல் வேண்டும். ஒரு பொதுமன்றத்தின் கையிலே கம்பம் இருக்கின்றது. கம்பத்துக்கு வாடகை விதிப்பதும் அதுவே. வீதியைத் தோண்ட அனுமதி கொடுப்பதும் அதுவே. அம்மன்றமே கடையும் விரித்தால், எதிர்க்கடைக்காரனுக்கு வாடகையை உயர்த்தித் தனக்கு இலவசமாக்கிக் கொள்ளலாம் அன்றோ? இன்னுமொன்று. மின்சாரம் எல்லார்க்கும் வேண்டியது. தொலைக்காட்சி விரும்பியவர்க்கு வேண்டியது. தொலைக்காட்சியில் நட்டம் வந்தால் அதனை மின்கட்டணத்தில் ஏற்றினால், மண்ணெண்ணெய் விளக்கை அண்மையிற்றான் மாற்றிய ஏழைக் குடும்பம், தான் பாராத நாடகத்துக்குப் பணங் கொடுத்ததாகும். வாஷிங்ரன் மாநிலத்து ரக்கோமா நகரிலே மின்சாரப் பகுதி 1998 முதல் நடத்திய தொலைக்காட்சிச் சேவையைக் குறித்து மின்நுகர்வோர் சிலர் இதே முறைப்பாட்டோடு நீதிமன்றம் சென்றனர். 2020ஆம் ஆண்டு அந்நகரம் அச்சேவையை நடத்தும் பொறுப்பைத் தனியார் கம்பனி ஒன்றிடம் ஒப்படைத்தது.

இப்பிணக்குகளைத் தீர்க்க அந்நாட்டார் பல சட்டங்களை இயற்றினர். 1978ஆம் ஆண்டுச் சட்டமொன்று கம்ப வாடகை நியாயமானதாக இருத்தல் வேண்டும் என விதித்து, அதனைக் கண்காணிக்கும் பொறுப்பை மத்திய தொடர்பாடல் ஆணைக்குழுவிடம் ஒப்புவித்தது. ஆயின் நகரமன்றங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் உரிமைகொண்ட கம்பங்களுக்கு அச்சட்டம் ஏலாது என விலக்களித்தது. மக்கள் தெரிந்த மன்றம் மக்களுக்குத் தீங்கு செய்யாது என்ற நம்பிக்கை போலும்! அந்நம்பிக்கை எல்லா ஊர்க்கும் பொருந்துமோ என்பதை வாசகர் தத்தம் ஊரை நினைந்து முடிவு செய்க. 1984ஆம் ஆண்டின் வடத் தொலைக்காட்சிச் சட்டம் மிக நுட்பமான ஒரு விதியை வகுத்தது. நகரமன்றம் வடவலையை உடைமையாகக் கொள்ளலாம். ஆனால் அதிலே என்ன நிகழ்ச்சி செல்லலாம், என்ன செல்லலாகாது என்று தானே தீர்மானித்தலாகாது. அத்தீர்மானம் வேறாக அமைந்த ஓர் அமைப்பின் கையிலேயே இருத்தல் வேண்டும். கல்விக்கும் மன்ற அலுவல்களுக்கும் என ஒதுக்கிய அலைவரிசைகள் மட்டும் இதற்கு விலக்கு. 1992ஆம் ஆண்டுச் சட்டம் எந்த ஊரிலும் ஒரே கம்பனிக்கு ஏகபோக உரிமை வழங்கலாகாது என்றது.

மாநிலங்கள் வெவ்வேறு வழிகளிற் சென்றன. மிசூரி மாநிலம் நகரமன்றங்களைத் தொலைத்தொடர்புத் தொழிலினின்றும் விலக்கியது. ‘எந்த நிறுவனத்தையும்’ தடுத்தலாகாது என 1996ஆம் ஆண்டு மத்திய சட்டம் கூறுகின்றதே என்று மன்றங்கள் வழக்காடின. ‘எந்த நிறுவனம்’ என்ற தொடருள் மாநிலத்தின் சொந்த உறுப்பாகிய நகரமன்றம் அடங்காது என 2004ஆம் ஆண்டு உயர்நீதிமன்றம் தீர்த்தது. ‘எந்த’ என்ற வினாப்பெயரெச்சத்தின் எல்லை யாது என்பதே அவ்வழக்கின் உயிர்நிலை. இலக்கணத்தினால் என்ன பயன் என்று வினவும் மாணவர்க்கு இவ்வழக்கை யாம் ஆண்டுதோறும் எடுத்துக்காட்டுவதுண்டு.

ரெனிசி மாநிலம் நடுவழியை மேற்கொண்டது. 1999ஆம் ஆண்டு அம்மாநிலச் சட்டம், நகர மின்சாரசபைகள் வடத் தொலைக்காட்சியும் இணையமும் வழங்கலாம் என்றது. ஆனால் தமது மின்விநியோக எல்லைக்குள்ளேயே வழங்கலாம். கணக்குகள் வேறுவேறாக இருத்தல் வேண்டும். மின்பகுதியின் பணத்தைத் தொலைக்காட்சிப் பகுதிக்கு நன்கொடையாகக் கொடுத்தலாகாது. கடனாகக் கொடுத்தால் வட்டி வாங்குதல் வேண்டும். தனியார் கொடுக்கும் கம்ப வாடகையைப் போலத் தன் வடத்துக்கும் செலவு எழுதுதல் வேண்டும். எமக்கு இவ்விதிகள் மிகவும் பிடித்தன. ஒரே வீட்டில் வாழும் அண்ணனும் தம்பியும் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது போன்றது இது. எழுதி வைப்பதனால் உறவு கெடுவதில்லை, எழுதாமையாலேயே கெடும். இச்சட்டத்தின்கீழ் இயங்கிய சற்றனூகா நகர மின்சாரசபை தன் ஒளியிழை வலையினால் 2010ஆம் ஆண்டு அதிவேக இணையத்துக்குப் பெயர்பெற்றது. எல்லைக்கு வெளியிலுள்ள அயலூரார் தமக்கும் வேண்டும் என்றனர். 2015ஆம் ஆண்டு மத்திய ஆணைக்குழு அவ்வெல்லையைத் தளர்த்தியது. 2016ஆம் ஆண்டு மேன்முறையீட்டு நீதிமன்றம் ஆணைக்குழுவுக்கு அவ்வதிகாரம் இல்லை எனக் கூறி எல்லையை மீண்டும் நாட்டியது.

கடலுக்கு அப்பாலுள்ள தமிழகத்தை நோக்குவோம். அங்கே நகரமன்றமன்று, மாநில அரசே களத்தில் இறங்கியது. 2007ஆம் ஆண்டு அரசு கேபிள் தொலைக்காட்சிக் கழகம் அமைக்கப்பட்டது. சிலகாலம் உறங்கிக் கிடந்து, 2011ஆம் ஆண்டு செத்தெம்பரில் மாதம் 70 ரூபா என்ற குறைந்த கட்டணத்தோடு புத்துயிர் பெற்றது. ஏழை எளியார்க்கு அது பேருதவி என்பதை மறுத்தல் அறமாகாது. ஆயினும் தொடக்க நாட்களில் எதிர்க்கட்சியினர்க்கு நெருங்கிய சன் குழுமத்தின் அலைவரிசைகள் அதிலே இல்லாதிருந்தன. செய்தி அலைவரிசைகள் ஆட்சியாளர்க்கு உவப்பில்லாதவற்றைக் கூறினால் வரிசையிற் பின்னே தள்ளப்படுகின்றன என்ற முறைப்பாடும் காலந்தோறும் எழுந்தது. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை, மாநில அரசுகளும் அவற்றின் நிறுவனங்களும் ஒளிபரப்பிலும் அதன் விநியோகத்திலும் புகுதல் ஆகாது என 2008ஆம் ஆண்டிலும் 2012ஆம் ஆண்டிலும் பரிந்துரைத்தது. அப்படியிருந்தும் 2017ஆம் ஆண்டு அக்கழகத்துக்கு எண்முறை ஒளிபரப்புக்கான உரிமம் கிடைத்தது.

கம்பத்தோடு நேரே தொடர்புடையது ஆந்திரநாடு. அங்கே 2015ஆம் ஆண்டு அமைந்த அரசு ஒளியிழைக் கம்பனி, நிலத்தைத் தோண்டிப் புதைப்பதற்குப் பதிலாக மின்கம்பங்களின் மேலேயே ஏறத்தாழ 24,000 கிலோமீற்றர் நீளத்துக்கு ஒளியிழையைக் கட்டியது. மின் உபநிலையங்களையே அதன் சந்திகளாக்கியது. தொலைக்காட்சி, தொலைபேசி, இணையம் மூன்றும் சேர்ந்து மாதம் 149 ரூபா என 2017ஆம் ஆண்டு திசெம்பரிலே குடியரசுத் தலைவர் தொடக்கிவைத்தார். மலையாள நாட்டிலும் மின்சாரசபை பங்காளியாய் அமைந்த ஒளியிழை வலை 2023ஆம் ஆண்டு ஜூனில் தொடங்கப்பட்டது. முன்னர் 1990களிலே அதே நாட்டில் ஒரு தனியார் கம்பனி மின்கம்பங்களின் வழியே தன் தொலைக்காட்சி வடத்தை ஊரூராகக் கொண்டுசென்றதும் உண்டு. எனவே கம்பம் பொதுவுடைமை, வடம் தனியுடைமை என்பதும் உண்டு. இரண்டும் பொதுவுடைமை என்பதும் உண்டு. இரண்டினும் கேடும் உண்டு, நலமும் உண்டு.

நமது நாட்டிலே நகரமன்றங்கள் மின்சாரம் வழங்கியது பழங்கதையாயிற்று. முன்னாளிலே உள்ளூராட்சி மன்றங்கள் பல, அரசாங்கத்திடம் மொத்தமாக வாங்கித் தத்தம் எல்லைக்குள் விநியோகித்தன. 1969ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தால் இலங்கை மின்சாரசபை எழுந்தது. பழுதுபட்ட கம்பிகளும் நிலுவையான கட்டணமுமாக மன்றங்களின் விநியோகம் தளர்ந்தபின், 1983ஆம் ஆண்டிலே இலங்கை மின்சாரத் தனியார் கம்பனி அமைக்கப்பட்டு, மேற்குக் கரையோரத்து மன்றங்கள் பலவற்றின் விநியோகத்தைக் கையேற்றது. வடபகுதியில் மின்சாரசபையே நின்றது. எனவே யாழ்ப்பாணத்து மாநகரசபைக்கு வீதியும் வீதிவிளக்கும் உரியன. விளக்கைத் தாங்கும் கம்பமோ பெரும்பாலும் பிறர்க்குரியது.

தொலைக்காட்சியின் சட்டம் வேறொரு கட்டிலே கிடக்கின்றது. 1982ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க ரூபவாஹினிச் சட்டம் தனியார் ஒளிபரப்புக்கு அமைச்சரின் உரிமம் வேண்டும் என்றது. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டமும், அதனை 1996ஆம் ஆண்டிலே திருத்தி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவை அமைத்த சட்டமும் தொலைத்தொடர்பு முறைமைகளை ஆள்கின்றன. மின்சாரத்துக்கோ 2002ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு. ஆகவே கம்பத்தின் உச்சியை ஓர் ஆணைக்குழு நோக்கும். நடுவை மற்றோர் ஆணைக்குழு நோக்கும். ஓடும் படத்தை அமைச்சு நோக்கும். அடியைப் பிரதேசசபையோ மாநகரசபையோ நோக்கும். எம் மாணவனின் கழுத்து இருந்த உயரம் எவருடைய அட்டவணையிலும் இல்லை.

இவற்றிடையே நினைவிற் கொள்ளத்தக்க தீர்ப்பொன்று உண்டு. 1997ஆம் ஆண்டு ஒலிபரப்பு அதிகாரசபை ஒன்றை அமைக்கும் சட்டமூலம் பாராளுமன்றத்திலே வைக்கப்பட்டது. நமது உயர்நீதிமன்றம் அதனை ஆராய்ந்து, ஊடகத்தை ஒழுங்குபடுத்தும் அமைப்பு அரசாங்கத்தினின்றும் சுதந்திரமாக நிற்றல் வேண்டும். அமைச்சரின் கைக்குள் அடங்கிய அமைப்பு கருத்துரிமைக்கு முரணாகும் எனத் தீர்மானித்தது. இரண்டாண்டுகளுக்கு முன், 1995ஆம் ஆண்டிலே, வானலைகள் பொதுமக்களின் சொத்து என இந்திய உயர்நீதிமன்றம் கூறியிருந்தது. வானலை பொதுச்சொத்தாயின், பொதுப்பணத்தில் நாட்டிய கம்பமும் அவ்வாறே என்பது எமது எண்ணம். பொதுச்சொத்தைக் காப்பவன் அதன் உரிமையாளன் அல்லன். கோயில் தருமகர்த்தாவைப் போன்றவன்.

மக்கள் இதனை அறியாதவரல்லர். 2019ஆம் ஆண்டு யாழ்ப்பாண மாநகர எல்லைக்குள் தொலைத்தொடர்புக் கருவி பொருத்திய புதுவகை விளக்குக் கம்பங்களை நாட்ட முற்பட்டபோது எழுந்த எதிர்ப்பை நாம் கண்டோம். அலைக்கதிரைப் பற்றி அன்று கூறப்பட்ட அச்சங்களுட் பல அளவுக்கு மிஞ்சியவை என்பது எம் கருத்து. ஆனால், எம் வாசலிலே ஒரு கம்பத்தை நாட்டுமுன் எம்மிடம் ஏன் கூறவில்லை, அதன் வருவாய் எங்கே செல்லும் என்ற வினாக்கள் மிஞ்சியவை அல்ல. அவை வரியிறுப்பாளனின் வினாக்கள்.

இப்பொழுது இவ்வாராய்ச்சிக்கு அவசரமும் உண்டு. 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க மின்சாரச் சட்டமும் அதன் 2025ஆம் ஆண்டுத் திருத்தமும் மின்சாரசபையைப் பல கம்பனிகளாகப் பிரிக்க வழிவகுத்துள்ளன. விநியோகக் கம்பனிகள் வருவாய் தேடும். கம்பத்தை வாடகைக்கு விடும். நாளை தாமே ஒளியிழை கட்டி இணையமும் தொலைக்காட்சியும் விற்க முன்வரினும் வியப்பில்லை. அது வேண்டாம் என்று நாம் கூறமாட்டோம். கிளாஸ்கோ நகரத்தார்க்குக் கிடைத்த மலிவு வலிகாமத்தார்க்கும் வடமராட்சியார்க்கும் தீவகத்தார்க்கும் கிடைக்குமாயின் மகிழ்வோம். ஆனால் கணக்கு வேறாக இருக்கட்டும். கம்ப வாடகை தன் வடத்துக்கும் பிறர் வடத்துக்கும் ஒன்றாக, அச்சிட்டு ஒட்டிய பட்டியலாக இருக்கட்டும். எந்தச் செய்தி வரலாம் என்பதைக் கம்பத்துக்காரர் தீர்மானியாதிருக்கட்டும். இவற்றுள் எது மிகத் தேவையானது என்று கேட்டால், இம்மண்ணில் வாழ்ந்த அநுபவத்தினால் இறுதியிற் கூறியதையே முதலில் வைப்போம். விலை ஏறினால் வாங்காது விடலாம். செய்தி நின்றால், அது நின்றது என்பதையே அறியமாட்டோம்.

சிறிய வேண்டுகோள் ஒன்றும் உண்டு. ஒவ்வொரு வடத்திலும் உரியவரின் பெயரும் தொலைபேசி இலக்கமும் பொறித்த ஒரு தகடு கம்பத்துக்குக் கம்பம் கட்டப்படல் வேண்டும். கைவிடப்பட்ட வடத்தைக் குறித்த நாளுக்குள் உரியவர் அகற்றல் வேண்டும். அகற்றாவிடின் மன்றம் அகற்றிச் செலவை அறவிடல் வேண்டும். இதற்குப் பேராணைக்குழு வேண்டியதில்லை. சபையிலே நிறைவேற்றும் ஓர் உபவிதியும், ஏணியோடு வரும் இரண்டு தொழிலாளரும் போதும். பழைய மாணவருள் சட்டத்தரணிகளும் பொறியியலாளரும் சபை உறுப்பினரும் பலர் உளர். கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்து விழாவுக்கு வருவோர், கல்லூரி மண்டபத்துக்கு மின்விசிறி வாங்கித் தருவதோடு, அவ்வுபவிதியின் வாசகத்தையும் ஒருநாள் மாலை அமர்ந்து எழுதித் தந்தால் நாம் பிழைதிருத்திக் கொடுப்போம்.

சென்ற தவணையில் பத்தாந் தரத்தாரை அக்கம்பத்தடிக்கு அழைத்துச் சென்று, கண்டதைக் கண்டவாறு வருணிக்கும் கட்டுரை ஒன்று எழுதச் செய்தோம். அண்ணாந்து எண்ணியவர்கள் ஒன்பது வடங்கள் என்றனர்; அவற்றுள் நான்கு எவ்வீட்டுக்கும் செல்லாது நுனி சுருண்டு தொங்கின. கழுத்திலே தழும்பு பட்ட மாணவனும் அவ்வகுப்பிலேயே இருக்கின்றான். அவனது கட்டுரை ஐந்து வரிகளைத் தாண்டவில்லை. கம்பம் இன்னும் சாய்ந்தே நிற்கின்றது என்றும், சேர் கட்டிய கயிறு உக்கிவிட்டது என்றும், ஆயினும் வடம் பூவரசின் கவரிலே பதிந்துவிட்டமையால் அது மீண்டும் தாழவில்லை என்றும் எழுதியிருந்தான்.